மாலை போட்ட சர்வர்

லினக்ஸில் எந்தப் பொருளையும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கடவுச்சொல் கையில் இருந்தால் போதும், தடுக்க ஆள் கிடையாது. பிரச்சினையே அதுதான்.

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. திண்டுக்கல்லிலிருந்து தினமும் மில் பஸ்ஸில் போய் வருகிறேன். என் பதவிக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. நடைமுறையில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மில்லில் ஒரே ஒரு சர்வர். அது லினக்ஸில் ஓடுகிறது. நூல் சுற்றிய கோன்களைப் பெட்டியில் அடைத்து ஒட்டும் லேபிள் அந்த சர்வரிலிருந்துதான் வரும். லேபிள் இல்லாமல் ஒரு பெட்டி கூட கேட்டைத் தாண்டாது.

அந்த லேபிள் புரோகிராமை எழுதியவர் பாய். மில்லில் அவரை வேறு பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பேகம்பூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முன்பு பேக்கிங்கில் ஷிப்டு பார்த்தார். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். சும்மா உட்காரப் பிடிக்காமல் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். அவர் எழுதியது அழகாக இருக்காது. திறந்து பார்த்தால் எனக்குத் தலை வலிக்கும். ஆனால் எந்த நூலுக்கு எந்த நிறக் கோன், எந்த வியாபாரி லேபிளில் எதைப் பெரிதாகப் போடச் சொல்வார் என்று எங்கள் மில்லின் பழக்கம் முழுக்க அதற்குள் இருந்தது.

சென்ற ஆயுத பூஜைக்கு முன்னால் லேபுக்கு நூலைச் சோதிக்கும் புது இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். அதோடு கோயமுத்தூர் கம்பெனி ஒன்றின் சாஃப்ட்வேரும் வந்தது. சோதனைக் கணக்கை எடுக்கும், லேபிளும் அடிக்கும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். மேனேஜருக்கு அது போதும். கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்று, பாயை வைத்துக்கொண்டே சொன்னார்.

"லேபிளுக்கு ரெண்டு சாமான் எதுக்கும்மா? இவுகளோடதுக்குப் பழைய லினக்ஸ் பத்தாதாம். பூஜைக்கு மில்லு நிக்குது, அப்பவே சிஸ்டத்தை மாத்திரு. மறுநா மில்லு ஓடுறப்ப பாயோடது ஓடுச்சுன்னா இருக்கட்டும். மக்கர் பண்ணுச்சுன்னா தூக்கிட்டு இவுகளோடதையே வச்சுக்குவோம். பாய் பழையபடி பேக்கிங்குக்குப் போகட்டும். அங்கயும் ஆளு பத்தல."

பாய் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் சட்டைப்பைக்குப் போய் இன்ஹேலரைத் தொட்டுவிட்டு வந்தது.

"சார், அவருக்கு அங்க மூச்சு விட முடியாது" என்றேன்.

"மாஸ்க் குடுப்போம்ல" என்றார் மேனேஜர். அவர் பேக்கிங்குக்குள் போவது ஆடிட்டர் வரும் அன்று மட்டும்தான்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் பாயிடம் காட்டினேன். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அவர் புரோகிராம் கிடந்த இடம் அப்படி.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லினக்ஸில் சி டிரைவ், டி டிரைவ் கிடையாது. எல்லாம் ஒரே மரம், கிளை கிளையாகப் பிரியும். /usr என்று ஒரு கிளை. அது சிஸ்டத்தைத் தயாரித்துக் கொடுக்கிறவர்களுடையது. சிஸ்டத்தைப் புதுசாக்கும்போது அங்கே இருப்பதை மாற்றுவார்கள், அழிப்பார்கள். நம்மைக் கேட்க மாட்டார்கள், கேட்க வேண்டியதும் இல்லை. நாமே செய்து வைத்துக்கொள்கிற சாமானுக்காக அதற்குள்ளேயே /usr/local என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே அவர்கள் கை வைப்பதில்லை. வெளியிலிருந்து மொத்தமாகக் கட்டி வருகிற சாமானுக்கு /opt. அங்கே ஒவ்வொரு சாமானுக்கும் அதன் பெயரில் தனி ஃபோல்டர். தனக்கு வேண்டியதையெல்லாம் அது தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்றால் ஃபோல்டரோடு எடுத்துவிடலாம். இந்தச் சின்ன ஒழுங்கை எழுதிவைத்து எத்தனையோ காலம் ஆகிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

பாய் தன் புரோகிராமை நேராக /usr/bin-இல் கொண்டுபோய்ப் போட்டிருந்தார். சிஸ்டக்காரர்களின் சொந்தச் சாமானுக்கு நடுவில்.

"பாய், சிஸ்டம் மாத்துறப்ப இது தொடச்சுக்கிட்டுப் போயிரும். வேற எடத்துக்கு எடுங்க."

"இம்புட்டு நாளா அங்கனதாம்மா இருக்கு. ஒண்ணும் ஆகல."

"இம்புட்டு நாளா யாரும் சிஸ்டத்த மாத்தல."

"அப்ப நீயும் மாத்தாத."

இப்படிப் பேசுகிற மனிதரை என்ன செய்ய? அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு வாதம் வைத்திருப்பார்.

ஆயுத பூஜை அன்று எங்கள் மில் நிற்கும். மற்ற நாளெல்லாம் மூன்று ஷிப்டும் ஓடுகிற இடம் நின்றுவிட்டால் காது முதலில் நம்பாது. இயந்திரங்களுக்கு அடியில் கிடக்கும் பஞ்சையெல்லாம் கூட்டி, தண்ணீர் தெளித்து, தூணுக்குத் தூண் வாழைக்கன்று கட்டுவார்கள். ஸ்பானருக்கும் பொட்டு, தராசுக்கும் பொட்டு, மில் பஸ்ஸுக்கும் பொட்டு. சர்வருக்கும் உண்டு. பூஜை காட்டிய சாமானை மறுநாள் காலை மாலையைக் கழற்றி மில்லை ஓட்டும் வரை யாரும் தொடக் கூடாது. நான் கிறிஸ்தவள். பாய் ஐந்து வேளை தொழுகிறவர். ஆனால் எங்கள் இருவருக்கும் சோறு போடும் ஆயுதம் அந்த ஒரே பெட்டிதான். அதற்குப் பொட்டு வைப்பதில் எங்களுக்கு என்றைக்கும் வருத்தம் இருந்ததில்லை.

அன்று காலையிலேயே போய்ச் சிஸ்டத்தை மாற்றி முடித்தேன். நான் சொன்னபடியே பாயின் புரோகிராம் போயிருந்தது. என் பையிலிருந்து எடுத்து, இப்போதைக்கு அவருடைய சொந்த ஃபோல்டரில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. பாய் பென் டிரைவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேண்டீனில் கேசரி போட்டிருந்தார்கள். நிம்மதியாகச் சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தால் என் நாற்காலியில் கோயமுத்தூர் கம்பெனி ஆள் உட்கார்ந்து வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுங்க மேடம்."

"எது முடிஞ்சுது?"

"எங்க சாஃப்ட்வேருங்க. பூஜைக்கு நேரமாகுதுன்னு உங்க மேனேஜர் அவசரப்படுத்துனாருங்க. பாஸ்வேர்டும் அவரே குடுத்துட்டாருங்க."

மேனேஜரிடம் அந்தக் கடவுச்சொல் இருக்கக் கூடாது. இருக்கிறது.

"எங்க போட்டீங்க?"

"எல்லாம் /usr-லயேதானுங்க. எங்க இன்ஸ்டாலர் அப்படித்தானுங்க."

"/opt-னு ஒண்ணு இருக்கறது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"ஏனுங்க மேடம், எங்க போட்டா என்னங்க? ஓடுனாச் சரிதானுங்களே." சிரித்துக்கொண்டே கும்பிட்டார். வீட்டில் பூஜை இருக்கிறது என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

பாய் உட்கார்ந்து தன் புரோகிராமை ஓட்டினார். ஓடவில்லை. ஒரு வரி பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றது. நான் பார்த்தேன். லேபிளில் கோடு கோடாக பார்கோடு வரைய ஒரு லைப்ரரி வேண்டும். லைப்ரரி என்றால் பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் ஒரு துண்டு. கோயமுத்தூர்க்காரர்களும் அதே பெயரில் ஒரு பழைய துண்டு வைத்திருந்தார்கள். சாஃப்ட்வேரைப் பதிந்து வைக்கும் அவர்களுடைய இன்ஸ்டாலர் அதைக் கொண்டுவந்து சிஸ்டத்தின் துண்டு இருந்த இடத்திலேயே அமுக்கி வைத்திருந்தது. அவர்களுடையது ஓடும், பாயுடையது ஓடாது. குற்றம் பாயுடையது இல்லை. ஆனால் வாசலில் நின்று பார்க்கிறவருக்கு எது ஓடவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

அப்போது பெருக்கிச் சுத்தம் செய்யும் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார்.

"எந்திரிங்க, எந்திரிங்க. மேனேஜர் தட்டத் தூக்கிக்கிட்டு வாராக."

"செத்த நேரம் இருங்கக்கா."

"என்னத்த செத்த நேரம்? அமத்துங்க அத."

அணைத்தேன். அக்கா சர்வருக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், மேலே கதம்ப மாலையைச் சுற்றினார். லேபிள் பிரிண்டருக்கும் வைத்தார். மூடியைத் திறந்து உள்ளேயும் ஒரு பொட்டு வைத்தார். மேனேஜர் சூடம் காட்டினார். பொரியும் கடலையும் கைக்கு வந்தன. அவர் தலை மறைந்ததும் என் கை தன்னால் சுவிட்சுக்குப் போனது.

"தொடாதீக!" அக்கா போட்ட சத்தத்தில் பொரி சிந்தியது. "பூச போட்டதத் தொட்டா வருசம் பூராம் நூலு அந்து அந்து விழுகும். அப்பறம் எங்களத்தான் வைவாக."

"அக்கா, அஞ்சு நிமிஷ வேல."

"அஞ்சு நிமிசத்துக்கு ஒரு வருசத்தக் குடுப்பீகளா?"

பாய் என் முழங்கையைத் தட்டினார். "விடும்மா. அவுக சொல்றது சரிதான்."

எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் தொட்டிருந்தால், அடுத்த பூஜை வரை மில்லில் அறும் ஒவ்வொரு நூலுக்கும் நாங்கள் இருவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மில் பெண்கள்தான் ஓடி ஓடி அறுந்த நூலை முடிச்சுப் போடுபவர்கள். அவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு ஒரு சர்வரைச் சரிசெய்ய வேண்டாம். மாலை போட்டுக்கொண்டு அது கெட்டபடியே கிடந்தது. நாங்கள் பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் பாய் என் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பிக்கொண்டார். பொரிப் பொட்டலம் மடியில் இருந்தது. ரோட்டின் இருபக்கமும் காய்ந்த காடு, இடையிடையே முருங்கை. வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கி அந்தக் கோயமுத்தூர் சாமான எங்க வைக்கப் போற?"

"/opt-ல. தனி ஃபோல்டர். அதோட லைப்ரரி அம்புட்டும் அதுக்குள்ளயே கிடக்கட்டும். வெளிய கை நீட்டக் கூடாது."

"அவன் கம்பெனி பேரப் போட்டா?"

"ஆமா."

"அப்ப எனக்கும் அங்கனயே ஒண்ணு போடு. எம்பேரப் போட்டு."

"முடியாது பாய்."

"ஏன் முடியாது? நேத்து வந்தவனுக்கு பேரு போட்டுத் தனி ரூமு. நான் எழுதுனது மட்டும் பொதுவுல கிடக்கணுமா?"

"உங்களோடது /usr/local-லதான் இருக்கணும். அதான் முறை."

"முறையெல்லாம் எனக்குன்னா மட்டும் எங்கிருந்துதான் வருதோ!"

பின்சீட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்திருந்தது. அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு தொகுப்பாகக் கட்டி, பெயர் போட்டு /opt-இல் வைத்தால் அதுவும் ஓடத்தான் செய்யும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அப்படி வைத்திருக்கும் மில்களும் உண்டு. எங்கே வைப்பது என்பதை மில்லில் என்னைத் தவிர யாரும் முடிவு செய்யப் போவதில்லை. அதனால்தான் அதை யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது.

பாயின் தம்பி பேகம்பூரில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறார். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கும் அண்டா அங்கிருந்துதான் வரும்.

"உங்க தம்பி கடை அண்டாவுல கடைப் பேரு எதுக்கு பெயிண்டுல எழுதிருக்காரு?"

"திரும்பி வரணும்ல."

"அம்புட்டுதான் பாய். /opt-ல பேரு போட்டு இருக்கறதெல்லாம் என்னைக்காச்சும் திரும்பிப் போற சாமான். வேணாம்னா ஒரே வரி, ஃபோல்டரோட போயிரும். மேனேஜருக்கும் பாஸ்வேர்டு தெரியும். உங்களோடத அங்க வைக்கவா?"

 பாய் பொரியை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு வந்தார். ஊருக்குள் நுழைந்து மலைக்கோட்டை தெரிகிற இடத்தில் மறுபடி திரும்பினார்.

"வீட்டுப் பாத்திரத்துலயும் பேரு வெட்டுவாகல்ல?"

"வெட்டுவாங்க."

"அப்ப நீ சொன்ன எடத்துலயே வச்சு, பேர வெட்டிரு."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டோம். பூசணிக்காய் உடைத்து, இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கியிருந்தன. சர்வரின் மாலையை அக்காதான் கழற்ற வேண்டும். அவர் வேறு பக்கம் கழற்றிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று காத்திருந்தோம். நூல் உருவாகி, கோனாகச் சுற்றி, பேக்கிங்குக்கு வர நேரம் ஆகும். எங்களுக்கு இருந்தது அந்த நேரம்தான். அக்கா வந்து மாலையைக் கழற்றி என் கையில் ஒரு பூவைக் கொடுத்துவிட்டு, "இப்பத் தொடுங்க" என்றார்.

கோயமுத்தூர் சாமானைச் சிதறிக் கிடந்த இடத்திலிருந்தெல்லாம் பொறுக்கினேன். ஒருவன் வந்து பீரோவில் சட்டையும் அடுப்படியில் செருப்புமாகப் போட்டுவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது. சிஸ்டத்தின் சொந்த லைப்ரரியைத் திரும்ப வைத்தேன். அவர்களுடையதை மொத்தமாக /opt-இல் ஒரு ஃபோல்டருக்குள் போட்டு, உனக்கு வேண்டிய லைப்ரரியை முதலில் உன் ஃபோல்டரிலேயே தேடு என்று நாலு வரி எழுதினேன். அது கிளம்பவில்லை. எப்படி ஓட வேண்டும் என்று எழுதிவைத்த தன் அமைப்புக் கோப்பைப் பழைய இடத்திலேயே தேடியது. கோயமுத்தூர் ஆளுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க மேடம், அதை எதுக்குங்க நகத்துனீங்க? நகத்துனா சப்போர்ட்டு கிடையாதுங்க."

"சப்போர்ட்டு கேட்டேனா? அமைப்புக் கோப்பு எங்க இருக்குன்னு எங்க எழுதிருக்கீங்க, அத மட்டும் சொல்லுங்க."

"அது புரோகிராமுக்குள்ளயே பதிச்சு எழுதியிருக்குதுங்க. மாத்த முடியாதுங்களே."

போனை வைத்துவிட்டேன். பழைய இடத்தில் கோப்புக்குப் பதிலாக, /opt-இல் இருப்பதைக் காட்டும் ஒரு இணைப்பை மட்டும் வைத்தேன். கிளம்பியது. லேப் கணக்கு வந்தது. அந்த ஒரு இணைப்பு இன்றைக்கும் என் கண்ணை உறுத்துகிறது. இருக்கட்டும்.

பிறகு பாயுடையது. பழைய வடிவம் ஓடினாலும், புதுச் சிஸ்டத்திலேயே மறுபடி கட்டி, அதாவது எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவமாக்கி, /usr/local-இல் வைக்க வேண்டும். பாய் என்னைத் தட்ட விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் இரண்டு விரலால் தானே தட்டினார். நான் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடிந்தது. ஓட்டினார். பிழைச் செய்தி எதுவும் இல்லை. அச்சிடக் கொடுத்தார்.

பிரிண்டர் சும்மா இருந்தது.

மறுபடி கொடுத்தார். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. பேக்கிங்குக்கு முதல் கோன்கள் வந்துவிட்டதாக அங்கிருந்து ஓர் ஆள் வந்து சொன்னான். அவன் பின்னாலேயே மேனேஜரும் வந்தார்.

"என்ன, மக்கர் பண்ணுதா?"

"ரெண்டு நிமிஷம் சார்."

"நான்தான் சொன்னேனே. பாய், நீங்க கிளம்புங்க. அங்க ஆளில்ல."

பாய் எழுந்தார். இழுத்து ஒரு மூச்சு விட்டார். நான் சர்வரில் அச்சு வரிசையைப் பார்த்தேன். லேபிள் சரியாகப் போய் நிற்கிறது. பேப்பர் இல்லை என்று பிரிண்டர் சொல்கிறது. உள்ளே ரோல் முழுசாக இருக்கிறது. மூடியைத் திறந்தேன். பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் கண்ணாடிக் கண்ணின் மேல், குறி பார்த்து வைத்தது போல, சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம்.

"பாய், இங்க பாருங்க."

பாய் குனிந்து பார்த்தார். தோள் குலுங்கியது. இழுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையை எடுத்து நுனியை நனைத்து, குழந்தை முகத்தைத் துடைப்பது போலத் துடைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. வரிசையில் நின்ற லேபிள்கள் சரசரவென்று வந்து தரையில் சுருண்டன.

வாசலில் நின்ற அக்கா, "கண்ணுன்னு யாருக்குத் தெரியும்? எனக்கென்ன அத்தன படிப்பா? உள்ளயும் ஒண்ணு வச்சாத்தான மனசுக்குத் திருப்தி" என்றார்.

மேனேஜர் ஒரு லேபிளை உரித்துப் பார்த்தார். நம்பர், நிறம், வியாபாரி விரும்புகிற பெரிய எழுத்து எல்லாம் இருந்தன.

"அந்தக் கோயமுத்தூர் சாமான் என்னாச்சு?"

"/opt-ல தனியா இருக்கு. லேப் கணக்கு எடுக்குது. வேணாம்னா ஒரே வரில எடுத்துரலாம் சார்."

"பாயோடது?"

"பாயோடதுன்னு தனியா எதுவும் இல்ல. அது நம்ம மில்லோடது. உள்ளூர்ச் சாமான் வைக்கிற எடத்துல வச்சிருக்கேன். லேபிள்ல ஒரு எழுத்து மாத்தணும்னாலும் அவரு இங்க உக்காந்திருக்கணும். உங்க கோயமுத்தூர் ஆளு போன எடுத்து, முடியாதுங்கன்னு சொல்லுவாரு. இப்பத்தான் சொன்னாரு."

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா கத்துற?"

"பாஸ்வேர்டையும் மாத்தப் போறேன். இனிமே உங்களுக்குத் தரமாட்டேன்."

அவர் லேபிளைத் தன் விரலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றார். பேக்கிங் ஆள் பெட்டிகள் சேருகின்றன என்றான். "ஓடுதுல்ல, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். எழுந்து நின்ற பாயை உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. பாயும் காத்திருக்கவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

லேபிள் கட்டைப் பேக்கிங்குக்கு அனுப்பியதும் கேட்டார்.

"பேரு வெட்டுனியா?"

"புரோகிராமோட முதல் வரில இருக்கு. காலைல நீங்க கட்டறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். பாருங்க."

திறந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இன்ஷியல் எங்க?"

"பேரு போதாதா பாய்?"

"எங்க தெருவுலயே இந்தப் பேர்ல நாலஞ்சு பேரு இருக்கான். இன்ஷியல் இல்லாம எவன் எழுதுனதுன்னு யாருக்குத் தெரியும்?"

"நீங்களே போட்டுக்கங்க."

ஒரு விரலால் ஒரே ஒரு எழுத்தைத் தேடித் தட்டினார். பிறகு புரோகிராமை மறுபடி முதலிலிருந்து கட்டினார். பெயர் வரிக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை, தேவையே இல்லை. அது முடியும் வரை நான் காத்திருந்தேன்.